கணவாயின் நரம்பில் ஒரு காலி இடம்

அந்தக் காலத்தில், மீனும் உப்பும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்த நாளில், கடற்பாறைகளுக்கு அந்தப் பக்கம் மையாத்தி என்றொரு ஊசிக் கணவாய் இருந்தாள். பத்துக் கையும் பை நிறைய மையும் இருந்து என்ன செய்ய? உடம்பு மகா மந்தம். சீலா மீன் கையைக் கடித்தால், அந்தச் சேதி நரம்பு வழியாக உடம்புக்கு வருவதற்குள் சீலா தின்று ஏப்பமும் விட்டிருக்கும். இப்படியே ஆறு கை போயிற்று. மீதி நாலும் போனால் பட்டினி கிடந்து சாக வேண்டியதுதான்.

அவள் நரம்புக்குள் குடியிருந்தது சாம்பலுப்புக் கூட்டம். வாழைமட்டையைச் சுட்ட சாம்பலில் இருக்குமே, அந்த உப்பு. அமைதியான சனம், சேதியைக் கைமாற்றி, நடந்தே கொண்டுபோகும். நரம்புச் சுவர் நெடுகச் சின்னச் சின்னக் கதவுகள். அவற்றுக்கு வெளியே கடலுப்புக் கூட்டம் முண்டியடித்து நின்றது.

"ஆத்தா, கதவத் திறந்து விடு. ஒரே ஓட்டத்துல சேதியக் கொண்டுபோறோம்" என்று அவை தினமும் கெஞ்சின.

சாம்பலுப்புகளின் தலைவி சாம்பாயி முறைத்தாள். "வேணாம் தாயி. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரிய விரட்டுன கதையாயிரும்."

மையாத்திக்கும் பயம்தான். கதவுகளைச் சாத்தியே வைத்திருந்தாள்.

ஒருநாள் காலை சீலா வந்து அவள் கைநுனியைக் கவ்வியது. யோசிக்க நேரமில்லை. அங்கிருந்த கதவைத் திறந்துவிட்டாள். கடலுப்பு மடமடவென்று உள்ளே புகுந்தது. அந்த அதிர்வில் அடுத்த கதவு திறந்தது, அங்கும் புகுந்தது, அதற்கடுத்ததும் திறந்தது. கண்ணிமைப்பதற்குள் சேதி உடம்பெங்கும் போய்விட்டது. மையாத்தி தண்ணீரைப் பீச்சிக்கொண்டு பின்னால் பாய்ந்தாள். சீலாவின் வாய்க்குக் கிடைத்தது வெறும் மைதான்.

"தப்பிச்சேன்!" என்றவள் அடுத்த நொடியே விறைத்துப்போனாள். உள்ளே வந்த உப்பு வெளியே போகவில்லை. உள்ளேயும் நெரிசல், வெளியேயும் நெரிசல், பிறகு சேதியைத் தூக்கிக்கொண்டு எவன் ஓடுவான்? சீலாவோ திரும்பி வந்துகொண்டிருந்தது.

"நாங்க வெளிய போறோம்" என்றாள் சாம்பாயி.

"இது உங்க வீடாச்சே!" மையாத்திக்கு அழுகை வந்தது.

"நீ இருந்தாத்தான வீடு? நாங்க போனா நெரிசல் அடங்கும். கதவச் சாத்து. வாசல்ல ஒரு ஆளப் போட்டு, கடலுப்ப மூணு மூணா வெளிய தள்ளு. எங்கள ரெண்டு ரெண்டா உள்ள கூப்பிடு."

"மூணாவது இடம்?"

"காலியாவே கெடக்கட்டும். காலி இடத்தப் பாத்தாத்தான் வெளிய நிக்கிறவன் ஓடியாருவான்."

சாம்பலுப்புகள் வெளியேறின. நெரிசல் அடங்கியது. கதவுகள் சாத்திக்கொண்டன. சீலாவின் பல் பட்டதும் கடலுப்பு மறுபடி உள்ளே பாய, மையாத்தி பின்னால் பறந்தாள். சீலா அலுத்துப்போய் வேறு இரை தேடிப் போய்விட்டது.

மையாத்தி ஒரு வாசல்காரனை நிறுத்தினாள். அவன் கடலுப்பில் மூன்று பேரை வெளியே தள்ளினான், சாம்பலுப்பில் இரண்டு பேரை உள்ளே கூப்பிட்டான். சாம்பலுப்புகள் வீடு திரும்பின. சாம்பாயி மட்டும் வெளியிலேயே நின்றாள்.

"நீயும் வா, சாம்பாயி" என்று மையாத்தி கெஞ்சினாள்.

"நான் வந்து உக்காந்தா அந்த எடம் நெறஞ்சிரும், தாயி. நெறஞ்சா நீ செத்துருவ."

மையாத்தி அதற்குமேல் கூப்பிடவில்லை.

அன்று முதல்தான் கணவாய், வாசல்காரனுக்குச் சோறு போட ஓயாமல் இரை தேடுகிறது. நம் விரல் பட்டதுமே பின்னால் பாய்கிறது. அதன் நரம்புக்குள் ஓர் இடம் எப்போதும் காலியாகவே இருக்கிறது.