ஒத்துக்காரன் வீட்டுக் கல்யாணம்

ஒரு மலை. அந்த மலைக்கு அடியில ஒரு ஊர். அந்த ஊர்ல ஒரு ஒத்துக்காரன் இருந்தானாம். காலை எம்மேல போடாதே, தள்ளிப் படு. உம் கொட்டணும், தெரியும்ல? நீ நிறுத்தினா நானும் கதையை நிறுத்திருவேன். ம், அப்படித்தான்.

அது ரொம்பத் தூரத்து ஊரு, ஆர்மீனியான்னு பேரு அந்த தேசத்துக்கு. அங்க ஆப்ரிகாட்னு ஒரு பழமரம் உண்டு. உங்க சித்தப்பா டப்பாவுல கொண்டாந்தாரே, புளிக்குதுன்னு நீ சுவத்துல துப்பினியே, அந்தப் பழம்தான். அந்த மரத்தைக் கடைஞ்சு டுடுக்னு ஒரு குழல் பண்ணுவாங்க. நம்ம நாயனத்துக்கு இருக்கிற மாதிரி அதுக்கும் வாயில வைக்க ஒரு சீவாளி. ஆனா நாயனம் மாதிரி ஊரைக் கூட்டாது. அழுது ஓஞ்ச பிள்ளை மடியில படுத்துக்கிட்டுப் பேசுமே, அந்தக் குரல் அதுக்கு. கேட்டா மனசு இளகிப்போகும்.

அதை ரெண்டு பேரா ஊதுவாங்க. ஒருத்தன் பாட்டு வாசிப்பான். இன்னொருத்தன் பக்கத்துல உக்காந்து ஒரே சுரத்தை ஊஊஊன்னு விடாம பிடிச்சுக்கிட்டே இருப்பான். அதுதான் ஒத்து. கன்னத்துல காத்தை அடைச்சு வச்சுக்கிட்டு, அது தீருறதுக்குள்ள மூக்கால மூச்சை இழுத்துக்கணும். சத்தம் அறுபடவே கூடாது. எங்க, நீ செஞ்சு பாரு? ஐயோ, எம்மூஞ்சியெல்லாம் எச்சில். போதும் போதும்.

நம்ம ஒத்துக்காரன் பேரு சாஹக். பாட்டு வாசிக்கிறவன் பேரு கரேகின். இருபது வருஷமா ரெண்டு பேரும் ஜோடி. விருந்துல கரேகினுக்குப் பெரிய கறித்துண்டு வரும், சாஹக்குக்கு எலும்பு வரும். பாவம், அவன் அதையே சப்பிட்டு எந்திரிப்பான்.

அவனுக்கு ஒரே பொண்ணு, சூஷான். தாயில்லாப் பிள்ளை. தொட்டில்ல கிடந்து ங்ஙா ங்ஙான்னு அழும். அவனுக்குத் தாலாட்டா தெரியும்? தெரிஞ்சது அந்த ஒரு சுரம்தான். தொட்டில் பக்கத்துல உக்காந்து ஊஊஊன்னு பிடிப்பான், அது தூங்கிரும். அப்புறம் அந்தச் சத்தம் இல்லாம அதுக்குத் தூக்கமே வராதாம். ம்?

அப்புறம் அது வளந்துச்சு, கல்யாணம் நிச்சயமாச்சு. அந்த ஊர்ல ரெண்டு வழக்கம். பொண்ணு வாசப்படி தாண்டுறதுக்கு முன்னாடி, வழியனுப்புற பாட்டு ஒண்ணை முழுசா வாசிக்கணும். நடுவுல அறுந்தா முதல்லேருந்து. மூணு தரம் அறுந்துச்சுன்னா அவ்வளவுதான், பாட்டில்லாமலே பொண்ணு போகணும். இன்னொரு வழக்கம், கல்யாணப் பொண்ணு அன்னிக்கு வாயைத் திறக்கக் கூடாது. சிவப்புத் துணியைப் போட்டு முகத்தை மூடிருவாங்க. நீயா இருந்தா கல்யாணமே நின்னு போயிருக்கும். சிரிக்காதே, உம் கொட்டு.

அப்போ சாஹக் கரேகின்கிட்டப் போயி, "எம்பொண்ணுக்கு இந்த ஒரு பாட்டை நான் வாசிக்கிறேன், நீ ஒத்துப் பிடி"ன்னு கேட்டான். கரேகின் விழுந்து விழுந்து சிரிச்சான். ஒரே சுரம்தானே, கழுதைகூட ஊதும்னான். ஆனா அவனுக்கும் சூஷான்னா உசிரு, சரின்னுட்டான். சாஹக் ஆட்டுக்கொட்டில்ல உக்காந்து ஒரு வருஷம் பழகினான். முதல்ல ஆடெல்லாம் மேமேன்னு ஓடிப்போச்சு. அப்புறம் போகப்போக நின்னு கேட்டுச்சாம்.

கல்யாண நாளும் வந்துச்சு. வாசல்ல குதிரை டொக்கு டொக்குன்னு காலைத் தட்டுது. சாஹக் பாட்டை எடுத்தான், கரேகின் ஊஊஊன்னு ஒத்துப் பிடிச்சான். பாட்டுக்காரனுக்கு வரிக்கு வரி மூச்சு வாங்கித்தானே பழக்கம்? அந்தப் பழக்கத்துல இதுலயும் மூச்சு வாங்கிட்டான். புஸ். அறுந்துபோச்சு.

ரெண்டாவது தரம் மூச்சை அடக்கிப் பாத்தான். கன்னம் பணியாரமா உப்பிப்போச்சு, கண்ணுல தண்ணி. அப்புறம் குக்கு குக்குன்னு இருமல். அதுவும் போச்சு. பொண்ணை அழைச்சுட்டுப் போக வந்த மாமியார்க்காரி முகத்தை ஒரு முழத்துக்கு நீட்டிட்டா.

கரேகினுக்குத் தலை நிமிரல. "இருபது வருஷமா இதையா நீ பண்ணிட்டிருந்தே?"ன்னு மெதுவாக் கேட்டான். அப்புறம் சொன்னான், நீ ஒத்துக்கே வந்துரு, நான் வாசிக்கிறேன், பொண்ணு நல்லபடியாப் போகட்டும்னு. சாஹக் பொண்ணைத் திரும்பிப் பாத்தான். அந்தச் சிவப்புத் துணி மாட்டேன் மாட்டேன்னு ஆடுச்சு. அப்பாதான் வாசிக்கணுமாம்.

சரின்னு மூணாவது தரம் எடுத்தான். அதுல அவன் எல்லாத்தையும் வச்சான்டி. தாயில்லாம வளத்தது, தலை பின்னத் தெரியாம முழிச்சது, எல்லாம். பாதிப் பாட்டுல கரேகினோட ஒத்து தேஞ்சு தேஞ்சு நிக்கப் போச்சு. அப்போ எங்கேருந்தோ ஒரு சத்தம். ம்ம்ம்ம்ம்...

அந்தச் சுரமேதான். தொட்டில்ல கேட்ட சுரம்.

மாமியார் துள்ளி எழுந்தா. பொண்ணு பேசுறாளான்னு துணியைத் தூக்கிப் பாத்தா, வாய் இறுக்க மூடியிருக்கு. என்னன்னு குத்தம் சொல்லுவா? அப்படியே துணியை விட்டுட்டா. சூஷானுக்கு மூச்சு முட்டுறப்போ கரேகின் பிடிச்சான், அவன் திணறுறப்போ அவ பிடிச்சா. சாஹக் கண்ணை மூடிக்கிட்டுக் கடைசி வரி வரைக்கும் வாசிச்சு முடிச்சான். மாமியார்க்காரி அந்தச் சிவப்புத் துணி ஓரத்துலயே மூக்கைச் சிந்தினாளாம்.

அன்னிக்கு விருந்துல கரேகின் தன் கையாலயே பெரிய கறித்துண்டை எடுத்து சாஹக் தட்டுல வச்சான். ஆனா சாஹக் எங்க சாப்பிட்டான்? குழலை எடுத்துட்டு வாசலுக்குப் போயிட்டான். பொண்ணு ஏறின குதிரை மலையைச் சுத்திப் போய் மறையுற வரைக்கும் ஊஊஊன்னு அந்த ஒரு சுரத்தைப் பிடிச்சுக்கிட்டே நின்னான். அறுக்கவே இல்லை. அவளுக்குக் கேட்டிருக்குமா? உனக்கு என்ன தோணுது?

ம்?

தூங்கிட்டியா வாலு. நல்லா உம் கொட்டினே போ, நீ பிடிச்சதுனாலதான் நானும் சொல்லி முடிச்சேன். பொண்ணு வீடு போய்ச் சேந்தா, நம்ம கதையும் வீடு வந்து சேந்துச்சு. தூங்குடி தங்கம், இனிமே ஒத்தை நான் பிடிச்சுக்கிறேன். ம்ம்ம்ம்ம்...