நங்கூரக் கயிறு எத்தனை பாகம்?

காப்பீட்டு நிறுவனத்தில் குருவும் சீடரும் ஏது என்று சிரிக்காதீர்கள். நாகப்பட்டினத்து அலைகாவல் நிறுவனத்தில் இருந்தார்கள். முதலீட்டுப் பிரிவின் தலைவி தமயந்திக்கு வயது நாற்பத்திரண்டு. அவரிடம் வேலை கற்றுக்கொள்ள வந்த அறவாழிக்கு ஐம்பத்துநான்கு, வங்கியில் முப்பது வருடம் கடன் கொடுத்து நரைத்தவர்.

விசைப்படகுகளுக்குக் காப்பீடு கொடுப்பது நிறுவனத்தின் தொழில். படகுக்காரர்கள் கட்டும் பிரீமியத்தை முதலீடு செய்து வைப்பார்கள். படகு உடைந்தால் அதிலிருந்து எடுத்துக் கொடுப்பார்கள்.

அந்த வருடம் வட்டி மூன்று முறை இறங்கிவிட்டது. டெபாசிட்டில் கிடந்த பன்னிரண்டு கோடி ஜூன் தொடக்கத்தில் முதிர்ந்தது. மறுபடி அங்கேயே போட்டால் பழைய வருமானம் வராது. வருமானம் குறைந்தால் பிரீமியத்தை ஏற்ற வேண்டும். ஏற்றினால் ஒரே ஒரு படகு வைத்திருப்பவர்கள் காப்பீட்டையே விட்டுவிடுவார்கள். அந்த ஒரு படகும் உடைந்தால் அவர்களுக்கு வேறு படகு கிடையாது.

இந்தக் கவலையில் அறவாழிக்குச் சோறு இறங்கவில்லை. நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் அவசரப்பட்டால்தான் பெரிய தப்பு நடக்கும்.

ஒரு தாளோடு தமயந்தியிடம் வந்தார்.

“மேடம், பங்குச் சந்தை ஏறிட்டே இருக்கு. பன்னிரண்டு கோடியையும் அங்க போட்டுடலாம். பிரீமியத்த ஏத்தவே வேணாம்.”

“யாராவது இழப்பீடு கேட்டு வந்தா?”

“ஏப்ரல் பாதியிலேர்ந்து ஒருத்தரும் வரலியே. ஒரு ரூபா வெளிய போகல. இந்தப் பணம் சும்மா கெடக்கு மேடம்.”

ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடுவரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. கரையில் நிற்கிற படகு எங்கே மூழ்கும்? அறவாழிக்கு இது தெரியும். தாளைப் பார்த்ததும் மறந்துவிட்டது.

தமயந்தி திட்டவில்லை. வண்டிச் சாவியை எடுத்தார்.

“வாங்க சார், துறைமுகம் வரைக்கும் போயிட்டு வரலாம்.”

துறைமுகத்தில் தேசப்பன் தன் படகுக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தார். இருப்பது ஒரு படகு. பத்து வருடமாக ஒரு தவணை தவறாமல் பிரீமியம் கட்டுகிறவர். பக்கத்தில் நங்கூரமும் சுருட்டிய கயிறும் கிடந்தன.

“அண்ணே, இந்த நங்கூரத்த வித்துடுங்களேன்,” என்றார் தமயந்தி. “ரெண்டு மாசமா சும்மாதான கெடக்கு. இரும்பு நல்ல வெலைக்குப் போகுது.”

தேசப்பன் விழுந்து விழுந்து சிரித்தார். “என்னம்மா, வெயில் தலைக்கு ஏறிடுச்சா ஒங்களுக்கு?”

அறவாழி சிரிக்கவில்லை. கையிலிருந்த தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஆனால் மனம் ஆறவில்லை.

“அப்ப எதையுமே மாத்தக் கூடாதா மேடம்? சந்தை மாறுது, வட்டி மாறுது. நாம மட்டும் கல்லு மாதிரி ஒக்காந்திருந்தா இவரு பிரீமியத்துக்கு எங்க போவாரு?”

கேள்வி நியாயமானது. தமயந்திக்கு அது பிடித்திருந்தது.

“அதையும் இவருகிட்டயே கேப்போம். அண்ணே, காத்து மாறினா என்ன பண்ணுவீங்க?”

“வலைய மாத்துவேன். போற பக்கத்த மாத்துவேன். காத்த அனுசரிச்சுதானம்மா தொழிலு.”

“நங்கூரக் கயிறு?”

“அது ஆழத்துக்கு.” தேசப்பன் இரண்டு கைகளையும் அகல விரித்தார். “இது ஒரு பாகம். பத்துப் பாகம் ஆழம்னா முப்பது பாகம் கயிறு விடுவேன். காத்து மூர்க்கமா அடிச்சா இன்னும் கூட விடுவேன். காத்து நல்லாருக்கேன்னு ஒருநாளும் கொறச்சதில்ல.”

“கயிறு மிஞ்சினா?”

“மிஞ்சினா வலைக்கு ஆவும். வீட்டுக்கா தூக்கிட்டுப் போவேன்?”



மறுநாள் அறவாழி பழைய கோப்புகளைப் பிரித்து உட்கார்ந்தார். பதினைந்து வருடத்து இழப்பீடுகள். ஐப்பசி, கார்த்திகை வந்ததும் கோப்புகள் தடித்துக்கொண்டே போயின. மிக மோசமான புயல் வருடத்தில் மட்டும் எட்டுக் கோடி போயிருந்தது. தூசியில் தும்மித் தும்மி மூன்று நாளில் புதுத் தாள் எழுதி முடித்தார்.

“எட்டுக் கோடிக் கயிறு வேணும் மேடம். காத்துக்குன்னு ஒரு கோடி கூட வச்சிருக்கேன். இந்த ஒம்பதும் நெனச்ச அன்னைக்கு எடுக்கிற மாதிரி டெபாசிட்லயே இருக்கட்டும். மூணு கோடி மிஞ்சுது. அது பங்குக்கு. பிரீமியத்தக் கொஞ்சம் ஏத்தித்தான் ஆகணும். ஆனா ஒத்தப் படகுக்காரங்களுக்கு மட்டும் ஏத்தாம சமாளிச்சிடலாம்.”

தமயந்தி தாளை இரண்டு முறை படித்தார். முகம் மலர்ந்துவிட்டது. ஆனால் கையெழுத்துப் போடவில்லை. தாளை அறவாழி பக்கமே தள்ளினார்.

“நீங்க போடுங்க சார். நீங்க அளந்தது.”

அறவாழி பேனாவைத் திறந்தார். கை நின்றது.

“அந்த மூணு கோடி விழுந்துட்டா?”

“தேசப்பன் அண்ணனுக்கு ஒருநாள் வலை காலியா வந்தா என்ன பண்ணுவாரு?”

“மறுநாள் போவாரு.”

“எதுல?”

“படகுலதான். அத நங்கூரம் காப்பாத்தி வச்சிருக்குமே.” அறவாழி தாளில் ஒன்பது கோடி என்று எழுதிய வரியில் விரலை வைத்தார். ஜன்னலுக்கு வெளியே ஒரு லாரி ஐஸ் கட்டிகளோடு துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

“போடுங்க சார்,” என்றார் தமயந்தி. “நாளைக்கு ராத்திரியோட தடை முடியுது. எல்லாரும் கடலுக்குப் போறாங்க.”