குளவிக் கல்யாணத்துக்கு ஓலை

தட்டாம்பள்ளத்துக்காரர்களிடம் ஒரே ஒரு குறைதான். சொன்னால் சொன்னபடி செய்துவிடுவார்கள்.

அந்த வருஷம் ஊர்க் கரும்பில் தண்டுப்புழு விழுந்தது. சவரிராயன் வீட்டுக் கரும்பு சல்லடையாகிப் போனது. சவரிராயன்தான் ஊர்க் கரும்பு விவசாயிகள் சங்கத்துக்குத் தலைவர். சங்கம் என்றால் அவரும் அவருடைய இரண்டு மகன்களும். மூத்தவன் லூர்து, இளையவன் மிக்கேல். லூர்துவின் மனைவி பிலோமினாவைச் சங்கத்தில் சேர்க்கவில்லை. கன்வென்ட்டில் படித்தவள், கேள்வி கேட்பாள் என்று சங்கத்துக்குப் பயம்.

உண்மையில் அந்த வீட்டில் பயப்படுகிறவள் பிலோமினாதான். கைக்குழந்தை ரீட்டாவுக்கு இன்னும் ஒரு பல்கூட முளைக்கவில்லை. தாய்க்குப் பயம் மட்டும் மேல்வரிசை, கீழ்வரிசை என்று முழுக்க முளைத்துவிட்டது. தூளிக் கயிறு அறுந்துவிடுமோ, உத்தரத்துப் பல்லி கால் தவறிவிடுமோ, பிள்ளை சிரிக்கும்போது சிரிப்பு தொண்டையில் மாட்டிக்கொள்ளுமோ. இப்போது கரும்பும் போனால் பிள்ளையை எப்படி வளர்ப்பது என்று கடைவாயில் புதிதாக ஒன்று.

சவரிராயன், ஒட்டுண்ணி வளர்ப்பு நிலையத்து சுகந்தி மேடத்துக்குப் போன் போட்டார்.

"மருந்து அடிக்காதீங்க ஐயா. கரும்பு இலைக்கு அடிப்பக்கமா அட்டை கட்டுங்க. வந்தா நான் தரேன்" என்றார் மேடம்.

போனை வைத்ததும் சங்கம் கூடியது.

"அட்டைக்கு அங்க போகணுமாம். நம்ம குளத்துல இல்லாத அட்டையா?" என்றார் சவரிராயன்.

"புழு கரும்பை உறிஞ்சுது. அட்டை புழுவை உறிஞ்சும். சரியாத்தான் சொல்லியிருக்காங்க" என்றான் லூர்து.

மிக்கேல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குளத்தில் இறங்கினான். சற்று நேரத்தில் இரண்டு காலிலும் கருகருவென்று தொங்கத் தொங்கக் கரையேறினான். "பிடிக்கிற வேலையே இல்லண்ணே. அதுங்களே பிடிச்சுக்குது."

ஒவ்வொன்றையும் வாழைநாரால் இலைக்கு அடியில் கட்டி முடித்தார்கள். முடித்தபோது புழுவுக்கு ஒன்றும் ஆகவில்லை. மிக்கேலுக்குத்தான் தலை சுற்றியது.

பார்வையிட வந்த சுகந்தி மேடம் ஒரு இலையைத் திருப்பிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "என்னங்க இது?"

"அட்டை மேடம். நீங்க சொன்னபடி அடிப்பக்கமாத்தான் கட்டியிருக்கோம்."

மேடம் வரப்பில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். பிறகு பையிலிருந்து ஒரு காகித அட்டையை எடுத்தார். அதில் ரவை தூவியதுபோல் என்னவோ ஒட்டியிருந்தது.

"இது அட்டை. இதுல இருக்கறது அந்துப்பூச்சி முட்டை. இதுக்குள்ள பொடிக் குளவி முட்டை வச்சு வளரும். வெளியே வந்ததும் கரும்புப் புழுவோட முட்டையைத் தேடிப்போய் அதுக்குள்ள தன் முட்டையை வைக்கும். அப்புறம் அந்த முட்டையிலருந்து புழு வராது, குளவிதான் வரும்."

"பலே!" என்றார் சவரிராயன்.

"ஒரு சங்கடம் இருக்கு. எங்க நிலையத்துல தலைமுறை தலைமுறையா ஒண்ணுக்குள்ள ஒண்ணாவே பெருகி, குளவி நோஞ்சானாப் போச்சு. பறக்க வேண்டிய இடத்துல நடக்குது. அதனால கீழ்மாத்தூர்த் தோட்டத்துல சுத்துற குளவியையும் பிடிச்சிட்டு வந்திருக்கேன். ரெண்டுக்கும் சம்பந்தம் பண்ணிட்டா, பொறக்கறது நல்ல வீரியமா இருக்கும். ரெண்டையும் ஒரே பாட்டில்ல விட்டு இந்த அட்டையைப் போடுங்க. குளிர்ச்சியான இடமா வைங்க. பஞ்சுல தேன் நனைச்சு வைங்க. எறும்பு வராம பாத்துக்குங்க."

ஊரிலேயே குளிர்ச்சியான இடம், வேப்பமர நிழலில் இருந்த பிலோமினாவின் அறை. ரீட்டாவின் தூளி தொங்குகிற அறை.

பிலோமினா பிள்ளையை மாரோடு அணைத்துக்கொண்டு கேட்டாள். "மேடம், கடிக்குமா?"

"சேச்சே, கடிக்காதும்மா" என்று சொல்லிவிட்டு மேடம் ஸ்கூட்டரில் ஏறிப் போய்விட்டார்.

சவரிராயன் மேடம் கொடுத்துவிட்டுப்போன இரண்டு குளவிப் பாட்டில்களையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். உள்ளே முற்றுப்புள்ளிகள் ஊர்ந்தன.

"ஒரே பாட்டில்லயா?" என்றார் மெல்ல. "கல்யாணத்துக்கு முன்னாலயா?"

"சம்பந்தம் பண்ணத்தானே சொன்னாங்க, அப்பா? முதல்ல சம்பந்தம், அப்புறம்தான் ஒரே பாட்டில்" என்றான் லூர்து.

"இதுல பொண்ணு வீடு எது?" என்றான் மிக்கேல்.

"தலை குனிஞ்சிருக்கறது பொண்ணு."

"எல்லாமே தலை குனிஞ்சிருக்கே, அப்பா."

"அப்ப ரெண்டு பக்கமும் நல்ல குடும்பம்தான்" என்று சவரிராயன் திருப்திப்பட்டார். "ஆனா நம்ம வீட்டுல மூணு ஞாயிறு கோயில்ல அறிவிப்பு ஓலை வாசிக்காம ஒரு கல்யாணமும் நடந்ததில்ல. அதை நான் இருக்கறவரைக்கும் மாத்த விடமாட்டேன்."

பங்குச் சாமியார் ஓலையை வாங்கிப் படித்துவிட்டு, அப்படியே திருப்பிக் கொடுத்தார். அதனால் சங்கம் பம்புசெட்டில் கூடி வாசித்தது. "ஒட்டுண்ணி நிலையத்துக் குளவிக்கும் கீழ்மாத்தூர்க் குளவிக்கும் திருமணம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது. தடை ஏதேனும் அறிந்தவர்கள் தெரிவிக்கவும்." அந்த நேரம் பார்த்து ஒரு நாய் குரைத்தது. அது யார் வீட்டு நாய், கீழ்மாத்தூர்ப் பக்கம் அதற்கு உறவு உண்டா என்று சாயங்காலம்வரை விசாரணை நடந்தது. உறவு இல்லை என்று தெரிந்த பிறகே முதல் ஓலை நிறைவடைந்தது.

வீட்டில் தூளிக்கு இந்தப் பக்கம் ஒரு பாட்டில், அந்தப் பக்கம் ஒரு பாட்டில். நடுவில் முக்காலி போட்டு மிக்கேல் உட்கார்ந்திருந்தான்.

"மிக்கேல் தம்பி, எறும்பு வருதே!"

"வருது அண்ணி. பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

பிலோமினாவே எறும்பைத் துடைத்தாள். துடைக்கும்போதுதான் அவளுக்குத் திடுக்கென்றது.

"ஏங்க! குளவி என்னைக்குங்க கடிச்சிருக்கு? குளவி கொட்டும்ல?"

லூர்து யோசித்தான். "மேடம் கடிக்காதுன்னு சொன்னாங்களே."

"கொட்டாதுன்னு சொல்லலையே!"

உடனே சங்கம் கூடியது.

"நீ கேட்டதுக்குத்தானே தாயி அவங்க பதில் சொல்லுவாங்க" என்றார் சவரிராயன். "கொட்டுமான்னு நீ கேக்கலையே. ஞாயித்துக்கிழமையில உத்தியோகத்துல இருக்கறவங்களைத் தொந்தரவு பண்ணக்கூடாது. காலையில கேப்போம்."

காலைவரை எப்படிப் பொறுப்பது? ஆண்கள் மூவரும் வாசலில் காபி குடித்துக்கொண்டிருந்த நேரம், பிலோமினா ஜெபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பாட்டில்களைப் பார்த்தாள். இரண்டு பாட்டில் என்றால் இரண்டு வாய். இரண்டு வாயையும் எப்படிக் காவல் காப்பது? ஒன்றாக்கிவிட்டால் ஒரு வாய்தான். பாதி பயம் குறையும். வாயோடு வாய் வைத்து எல்லாவற்றையும் ஒரே பாட்டிலுக்குள் தட்டிவிட்டாள். மேடம் கொடுத்த அட்டையையும் வெளியே விட்டுவைப்பானேன் என்று உள்ளே தள்ளினாள். ரீட்டாவின் இடுப்புத் துணியை நான்காக மடித்து வாயை இறுகக் கட்டினாள். காலிப் பாட்டிலில் கொஞ்சம் கடுகைப் போட்டு, பழைய இடத்திலேயே வைத்தாள். மாமா கேட்டால் பதில் வேண்டுமே.

மறுநாள் மேடம், கொட்டவும் கொட்டாது என்று போனில் சொன்னார். "அவங்க குரல்ல ஒரு தயக்கம் இருந்துச்சுங்க" என்றாள் பிலோமினா. முடிச்சை அவிழ்க்கவில்லை.

மிக்கேல் கடுகை விசுவாசமாகப் பார்த்துக்கொண்டான். "மாப்பிள்ளை வீட்டார் ரொம்ப அமைதியான ஆளுங்க அண்ணி."

இரண்டாவது ஞாயிறு, இரண்டாவது ஓலை. நாய் குரைக்கவில்லை. ஆனால் அதற்குள் பாட்டிலில் இருந்த குளவிகள் ஒவ்வொன்றாக அடியில் விழுந்துவிட்டன. அவற்றின் ஆயுளே அவ்வளவுதான். இது பிலோமினாவுக்குத் தெரியாது. வெள்ளையாக இருந்த முட்டையெல்லாம் கறுத்துப்போயிருந்தன. கருகிவிட்டது என்று நினைத்தாள். கல்யாண வீட்டைக் கூண்டோடு கொன்றுவிட்டேன், கரும்பும் போச்சு, பிள்ளையை எதை வைத்து வளர்ப்பேன் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே தூளியை ஆட்டினாள்.

வாரத்தின் நடுவில் ஒருநாள் சவரிராயன், பொண்ணு வீட்டாரை நலம் விசாரிக்கலாம் என்று வந்து துணியை அவிழ்த்தார்.

பாட்டிலிலிருந்து புகை கிளம்பியது. புகை இல்லை, குளவி. கறுத்த முட்டையிலிருந்து கூட்டம் கூட்டமாகக் கிளம்பியது. ஒன்றுகூட நடக்கவில்லை, எல்லாமே பறந்தன. அறையைச் சுற்றி, உத்தரத்தைச் சுற்றி, தூளியைச் சுற்றிப் பறந்தன. ஒன்று நேராக வந்து ரீட்டாவின் மூக்கு நுனியில் உட்கார்ந்தது.

பிலோமினா ஜெபமாலையை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டாள். குளவி ரீட்டாவைப் பார்த்தது. ரீட்டா குளவியைப் பார்த்தாள். இது முட்டை இல்லை என்று குளவிக்குப் புரிந்தது. ரீட்டா ஒரு தும்மல் போட்டாள். குளவி ஜன்னல் வழியாகக் கரும்புக்குப் போய்ச் சேர்ந்தது. பிள்ளை கெக்கெக்கே என்று சிரித்தது. சிரிப்பு எங்கேயும் மாட்டிக்கொள்ளவில்லை.

அதன்பிறகு தோட்டத்தில் புதிதாக ஒரு தண்டுகூடத் துளைபடவில்லை. கரும்பு பிழைத்தது. சுகந்தி மேடம் வந்து பார்த்து அசந்துபோனார். "எங்க நிலையத்துலகூட இப்படி வீரியமா வந்ததில்லையே! எப்படிங்க பண்ணீங்க?"

சங்கம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது.

"மன்னிச்சுடுங்க மேடம்" என்றார் சவரிராயன். "மூணாவது ஓலை வாசிக்கறதுக்குள்ள பிள்ளை பொறந்துடுச்சு. மானம் போச்சு."

பெரியவர்கள் செய்ததற்குப் பிள்ளைகள் என்ன பண்ணும், ஞானஸ்நானமாவது கொடுத்துவிடலாம் என்று முடிவாகி, மூவரும் பங்குச் சாமியாரிடம் போனார்கள். அவர் ஜன்னல் வழியாகக் கரும்பைப் பார்த்தார், இவர்களைப் பார்த்தார்.

"ஞானத்தாய் யாரு? ஞானத்தாய்தானே ஞானஸ்நானத்துக்கு வெள்ளைச் சட்டை எடுக்கணும்? ஆளுக்கொரு சட்டை தயாரானதும் வாங்க" என்று சொல்லி, இனி வரமாட்டார்கள் என்ற நிம்மதியோடு ஜன்னலைச் சாத்தினார்.

இப்போது நீங்கள் தட்டாம்பள்ளம் போனால், ஞானத்தாய் பிலோமினா தன் கல்யாண முக்காட்டைப் பொடிப்பொடியாக வெட்டிச் சட்டை தைத்துக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். பக்கத்தில் ரீட்டா தவழ்கிறாள். குளவி என்றால் பிலோமினாவுக்கு இப்போது துளியும் பயமில்லை. அவளுடைய கவலையெல்லாம் வேறு. கரும்புக்குள் அங்குலநாடாவோடு ஓடிக்கொண்டிருக்கும் கொழுந்தனைப் பார்த்து, ஊசியை வாயில் கடித்தபடியே கத்துகிறாள்:

"மிக்கேல் தம்பி, பறக்கும்போது அளவெடுக்காதீங்க! ரெக்கை விரிஞ்சிருக்கும், அப்புறம் சட்டை தொளதொளன்னு ஆயிடும்!"