கையை எடுக்காதவள்

டிக். டிக். டிக்.

எத்தனையோ ஆண்டுகளுக்கு முன் கேட்ட அந்தச் சத்தம் செல்வினின் காதைவிட்டு இன்னும் போகவில்லை. அன்று அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மின்விசிறி பழசு, அதுதான் முனகுகிறது என்று நினைத்துக்கொண்டார். தலைமையாசிரியர் அறையில் வடை சூடாக இருந்தது.

மறுநாள் காலை ஜமீலாவின் முன்னால் போய் உட்கார்ந்து புலம்பினார்.

ஜமீலா ஒரு மருத்துவமனையின் கல்வி வழிகாட்டிப் பிரிவுக்குத் தலைவர். செல்வினைவிட வயதில் இளையவர். மருந்துக் கம்பெனியில் விற்பனை ரெப் வேலையை விட்டுவிட்டு அவரிடம் தொழில் கற்க வந்தவர் செல்வின். ஊர் ஊராகப் பள்ளிகளுக்குப் போக வேண்டும். மருத்துவமனையில் என்னென்ன வேலை உண்டு என்று பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். விரும்பி வருகிறவர்களை மருத்துவமனையே செவிலியர் படிப்பு படிக்கவைக்கும்.

அந்த ஆண்டு ஒருவரும் வரவில்லை. இந்த மாதத்துக்குள் ஒரு பிள்ளையாவது பெயர் கொடுக்காவிட்டால் பிரிவை மூடிவிடுவோம் என்று நிர்வாகம் சொல்லியிருந்தது.

"நான் எதுல கொறை வச்சேன் மேடம்? கைதட்டல் கூரையப் பிச்சுக்கிட்டுப் போச்சு. ஒரு பிள்ளையும் வாரேன்னு சொல்லல."

"என்ன நடந்துச்சு? மொதல்லேருந்து சொல்லுங்கண்ணே."

சொன்னார். சாத்தனேரிப் பள்ளியில் ரப்பர் பொம்மையைத் தரையில் கிடத்தியதை. நின்றுபோன இதயத்தை நெஞ்சில் அழுத்தி ஓடவைக்கும் வித்தையைச் செய்துகாட்டியதை. சரியான ஆழத்துக்கு அழுத்தினால் பொம்மைக்குள் டிக்கென்று கேட்கும்; பிள்ளைகள் அதைக் கேட்டுச் சிரித்ததை. சாப்பாட்டு மணி அடித்ததும் கைதட்டிவிட்டுத் தட்டோடு ஓடியதை.

"பெறவு?"

"எச்.எம். ரூமுக்குப் போனேன். திரும்பிவந்து பொம்மைய எடுக்கலாம்னு பாத்தா, ஒரு வாலு அதோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கு. வேர்த்து வடியுது. ஒடச்சுராத, போய்ச் சாப்பிடுன்னு வெரட்டிவிட்டேன்."

ஜமீலா கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார்.

"பிள்ளைகளுக்குக் கடைசியா என்ன சொன்னீங்க?"

"நீங்க சொல்லிக்குடுத்ததுதான். வேற ஆள் வந்து மாத்துற வரைக்கும் கையை எடுக்கக் கூடாது."

ஜமீலா எழுந்தார். மூலையிலிருந்த பொம்மையை இழுத்து அறையின் நடுவில் கிடத்தினார்.

"அழுத்துங்கண்ணே. நான் வந்து மாத்துறேன்."

சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

செல்வின் முழங்காலிட்டு அழுத்தினார். டிக். டிக். முதலில் உற்சாகமாகத்தான் இருந்தது. பிறகு தோள் எரிந்தது. நெற்றி வியர்வை பொம்மையின் முகத்தில் சொட்டியது. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் ஜமீலா டீ குடித்துக்கொண்டிருந்தார். காவலாளியிடம் என்னவோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

பொம்மைதானே என்று செல்வின் கையை எடுத்தார்.

சத்தம் நின்றதும் ஜமீலா உள்ளே வந்தார்.

"ஏன் விட்டுட்டீங்க?"

"கை செத்துப்போச்சு மேடம்."

"நேத்து எத்தனை வடை தின்னீங்க?"

செல்வின் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார்.

வடை தின்றார். டீ குடித்தார். தலைமையாசிரியர் தான் வீடு கட்டிய கதையை அஸ்திவாரத்திலிருந்து ஆரம்பித்து மொட்டைமாடிவரை சொன்னார். சொல்லும்போதெல்லாம் மடித்த செய்தித்தாளால் விசிறிக்கொண்டே இருந்தார்.

விசிறிக்கொண்டே.

"மேடம்," என்றார் செல்வின். "அங்க கரெண்டே இல்ல. நான் கேட்டது ஃபேன் சத்தம் இல்ல, அந்தப் பிள்ளை அழுத்துன சத்தம்."

மேஜைமேல் கிடந்த பைக் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார். படியில் ஒரு செருப்பு கழன்றது. அதற்காக அவர் திரும்பவில்லை.

சாத்தனேரியில் பிள்ளைகள் வகுப்பு மாறிக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டாம் வகுப்பு வாசலில், நேற்று விரட்டிவிட்ட அந்தப் பெண்ணைக் கண்டுபிடித்தார். பெயர் முப்பிடாதி என்று அப்போதுதான் தெரிந்தது. பக்கத்தில் நின்றவள் அவளை இடித்தாள்.

"ஏட்டி, ஒன் பொம்மைக்காரரு வந்திருக்காரு பாரு. ஒத்தச் செருப்போட."

முப்பிடாதி சிரிக்கவில்லை. நேற்றைய கோபம் அப்படியே இருந்தது.

"பொம்மை பொழைச்சிருச்சா சார்?"

செல்வினுக்கு மூச்சு வாங்கியது. மருந்துக் கடை மருந்துக் கடையாகப் பேசியே பிழைத்த மனிதருக்கு, அன்று இரண்டு வாக்கியத்துக்குமேல் வாயில் வரவில்லை.

"ஒன்னை மாத்த வந்திருக்கேன் மக்கா. நேத்தே வந்திருக்கணும்."

அவள் தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள். மணிக்கட்டுக்கு மேலே தோல் இன்னும் சிவந்திருந்தது. அவரை நிமிர்ந்து பார்த்தபோது முகத்தில் கோபம் இல்லை.

"நீங்க மாத்துனா, பெறவு நான் எங்க போறது?"

அந்த மாதமே அவள் செவிலியர் படிப்புக்குப் பெயர் கொடுத்தாள்; பிரிவை மூடவில்லை. முப்பிடாதி இப்போது அந்த மருத்துவமனையின் அவசரப் பிரிவில் தலைமைச் செவிலியராக இருக்கிறாள்.