ராஜா செய்த மேசை

ரொம்பக் காலத்துக்கு முன்னால் செங்கழனி நாட்டை உத்தண்டராயன் என்றொரு ராஜா ஆண்டான். ஆண்டான் என்று ஒரு மரியாதைக்குச் சொல்கிறேன். ஆண்டதெல்லாம் மந்திரி நாகலிங்கம்தான். ராஜாவுக்கு நேரம் ஏது? ஒரு மாசம் வீணை, மறுமாசம் புறா வளர்ப்பு, அதுவும் சலித்ததும் தச்சு வேலை.

சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் பால் கிண்ணம் வைக்க ஒரு சின்ன மேசை. அதைத் தன் கையாலேயே செய்வேன் என்று உளியைத் தூக்கிவிட்டான்.

"கால் நேராக நின்றால் அதில் என்ன அழகு? பிறந்த கன்றுக்குட்டி நிற்குமே, அப்படி நாலு காலும் வெளியே சாய்ந்து நிற்கட்டும்!"

"நல்ல யோசனை மகாராஜா," என்றார் அரண்மனைத் தச்சர். "நாலுக்கும் ஒரே சாய்வு வர, முதலில் ஒரு அளவுக்கட்டை வெட்டிக்கலாமா?"

"எனக்கே அளவா? போய்யா வெளியே!"

தச்சர் உயிர் பிழைத்த சந்தோஷத்தில் ஓடியே போனார். ராஜா நாலு காலையும் ஒரே நீளத்தில்தான் அறுத்தான். ஆனால் பலகையில் பொருத்தும்போது ஒன்று கொஞ்சம் சாய்ந்தது, ஒன்று நிறையச் சாய்ந்தது, மற்ற இரண்டும் அவரவர் இஷ்டம்.

சபைக்கு மேசை வந்தது. "ஆஹா! தேவலோகத்திலும் இப்படி ஒன்று கிடையாது!" என்று எல்லோரும் கூவினார்கள். ராஜா கிண்ணத்தை வைத்தான். மேசை 'டக்'கென்று ஒருபக்கம் சாய்ந்தது. பால் முழுவதும் பட்டு வேட்டியில்.

அப்போது அரண்மனை அதிகாரி அம்பலவாணர் எழுந்தார். மந்திரியின் நாற்காலியைப் பார்த்துப் பார்த்தே வயிறு எரிந்த மனுஷர்.

"மன்னா, மேசையில் குற்றமா? சிவசிவா! தரை கோணல். போன மாசம் இந்தத் தரையைப் போட்ட கொத்தன் வீரபாகு, மந்திரியின் சிபாரிசில் வந்தவன்!"

ராஜாவுக்கும் வசதியாகப் போயிற்று. "அந்தக் கொத்தனின் தலையை வாங்கு! மந்திரியை அப்புறம் பார்த்துக்கொள்கிறேன்!"

பாவம் வீரபாகு. கண்ணாடி மாதிரி தரை போட்டதற்கு இழுத்துவந்து மண்டியிட வைத்துவிட்டார்கள்.

மந்திரி கும்பிட்டார். மேசை கோணல் என்று சொன்னால் இரண்டு தலை உருளும் என்று அவருக்குத் தெரியாதா?

"அம்பலவாணர் சொல்வது வாஸ்தவம் மன்னா. ஆனால் நாளைக்கு ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசக்கூடாது பாருங்கள். மேசையை அரண்மனையில் ஒரு நல்ல தரையில் வைத்துக் காட்டிவிட்டால் போதும். அங்கே ஆடாமல் நின்றால் கொத்தன் தலையோடு என் பதவியையும் எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல தரையை அம்பலவாணரே தேடட்டும். தங்கள் கைபட்ட மேசையை வேறு யாருக்குத் தூக்கத் தகுதி?"

"சாயங்காலத்துக்குள் காட்டும்!" என்றான் ராஜா.

அம்பலவாணர் மேசையைத் தலையில் தூக்கிக்கொண்டு புறப்பட்டார். மடைப்பள்ளியில் வைத்தார், ஆடியது. நடன மண்டபத்தில் வைத்தார், அங்கேயும் ஆடியது. அந்தப்புரத்து வாசலில் வைத்தபோது ராணியே சிரித்துவிட்டாள். குதிரை லாயத்தில் ஆடிய ஆட்டத்தைக் குதிரைகள்கூட ஒருமாதிரியாகப் பார்த்தன.

பொழுது சாய்ந்தது. பதவி ஆசை யாரை விட்டது? லாயத்துக்குப் பின்னால் உட்கார்ந்து ரம்பத்தை எடுத்தார். ஒரு காலைக் கொஞ்சம் அறுத்தார், இன்னொரு கால் நீண்டுகொண்டது. அதை அறுத்தார், மூன்றாவது தூக்கிக்கொண்டது. இப்படியே மாற்றி மாற்றி அறுத்து, ஒருவழியாக மேசை ஆடாமல் நின்றது.

சபைக்குக் கொண்டுவந்து, மேலே மூடியிருந்த பட்டுத்துணியை விலக்கினார். "மன்னா, லாயத்துத் தரையில் ஆடவேயில்லை. எங்கே வைத்தாலும் ஆடாது!"

ராஜா எட்டிப் பார்த்தான். இன்னும் குனிந்து பார்த்தான். "என் மேசை எங்கேய்யா? இது சாப்பிட உட்காரும் மணை அல்லவா?"

"கால் மட்டும்... கொஞ்சம் செதுக்கினேன்..."

மந்திரி கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்: "தரைதானே கோணல்? அப்படியானால் தரையை அல்லவா அறுத்திருக்க வேண்டும்? குற்றமில்லாத மேசையின் காலை எதற்கையா வெட்டினீர்?"

ராஜாவின் முகம் சிவந்தது. பிறகு மெல்லக் கேட்டான்: "அப்போ கோணல் என் கையில்தானா?"

"கையில் இல்லை மன்னா. சாய்ந்த கால் உயரம் குறையும். நாலும் ஒரே மாதிரி சாய்ந்தால் கவலையில்லை. அளவுக்கட்டை இருந்திருந்தால் போதும்," என்றார் மந்திரி.

ராஜாவுக்கு வெட்கம் தாங்கவில்லை. வெட்கத்தை யார் தலையிலாவது இறக்க வேண்டுமே! "அம்பலவாணரே, இனி சபையில் உமக்கு நாற்காலி கிடையாது. இந்த மணையில்தான் உட்கார வேண்டும்!" என்றான். மந்திரிக்குத் தன் முத்துமாலையைக் கழற்றிப் போட்டான். வீரபாகுவைக் கையைப் பிடித்து எழுப்பினான்.

"மூன்று கிராமம் தருகிறேன், வாங்கிக்கொள். ஒன்றும் கவலைப்படாதே. அடுத்து பெரிதாக ஒரு கட்டில் செய்யப் போகிறேன். அதையும் உன் தரையில்தான் போடுவேன்!"

வீரபாகு அன்றைக்கு முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

"கிராமமெல்லாம் வேண்டாம் மகாராஜா. கட்டில் வேலை ஆரம்பிக்கிறதுக்குள்ள எல்லை தாண்டிப் போக, ஓடுற குதிரை ஒண்ணு கொடுத்தாப் போதும்."