ஏரிக்குள் வீடு கட்டிய வெள்ளெலி

மூன்று வருஷமாக மழை பார்க்காத ஒரு காட்டில், வற்றிப்போன ஏரி ஒன்று இருந்தது. அந்த ஏரிக்கு நட்டநடுவில் நின்றுகொண்டு பூவாத்தா என்ற வெள்ளெலி, "இதுதான் என் இடம்!" என்று குதித்தது.

குதிக்காமல் என்ன செய்யும்? மண் பஞ்சு மாதிரி இருந்தது. சுற்றிலும் புல் விதை கொட்டிக் கிடந்தது. வயிற்றில் வேறு குட்டிகள். பத்தே நாளில் பிறந்துவிடும். அதற்குள் வளை தோண்டி முடித்தாக வேண்டும்.

ஆனால் அந்தக் காட்டில் நினைத்த இடத்தில் யாரும் வீடு கட்டிவிட முடியாது. தூரத்துச் சுனையில் இருக்கும் ஆமையிடம் அனுமதி வாங்க வேண்டும். காட்டிலேயே வயதான உயிர் அதுதான். எந்த மழைக்குத் தண்ணீர் எதுவரை ஏறும் என்று அதற்குத்தான் தெரியும். ஆமை நேரில் வந்து இடத்தைப் பார்க்கும். சரியாக இருந்தால், ஈரமண் வில்லை ஒன்றில் தன் காலைப் பதித்துக் கொடுக்கும். அதுதான் முத்திரை. வீடு முடிந்ததும் இன்னொரு தரம் வந்து பார்க்கும்.

வேலி முள்ளில் ஓணான் ஒன்று உட்கார்ந்திருந்தது. பூவாத்தா அதைக் கேட்டது.

"தம்பி, ஆமை அய்யா சுனையிலேர்ந்து இங்க நடந்து வர எத்தனை நாள் ஆகும்?"

"எட்டு நாள் ஆகும் அக்கா!"

"ஐயையோ! எட்டு நாளா? அப்புறம் நான் எப்போ தோண்டுறது, எப்போ பிள்ளை பெறுறது?"

"அவர் எதுக்கு வரணும்? மண்ணைக் கொண்டுபோய்க் காட்டுங்க. மோந்து பார்த்துட்டுக் குடுத்துடுவார்."

"ஏரி மண்ணுல மீன் வாடை அடிக்குதே!"

"அப்போ கரைக்கு மேல இருக்கிற பனைமேட்டுச் செம்மண்ணைக் கொண்டு போங்க. அவருக்கென்ன தெரியவா போகுது?"

"மாட்டிக்க மாட்டேனே?"

ஓணான் தலையை ஆட்டியது. அது எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டும். பூவாத்தா அதையே பெரிய வாக்குறுதியாக எடுத்துக்கொண்டு ஓடியது.

சுனைக்கரையில் ஆமை செம்மண்ணை மோந்து பார்த்தது. வாயில் கொஞ்சம் போட்டும் பார்த்தது.

"பனைமேட்டு மண்ணு. நல்ல மண்ணு. ஆனா நான் வந்து பார்க்கிறதுதான் முறை."

"அய்யா, நான் வயித்துப்பிள்ளைக்காரி! எட்டு நாள் எப்படிங்க காத்திருப்பேன்?"

ஆமைக்கு மனசு இளகிவிட்டது. "இந்த மண்ணு எடுத்த இடத்துலதானே கட்டப்போறே?"

"அதே இடம்தாங்கய்யா!"

முத்திரை விழுந்தது.

பூவாத்தா ஏரிக்குள் தோண்ட ஆரம்பித்தது. படுக்க ஒரு அறை, விதை சேர்க்க ஒரு அறை, குட்டிகளுக்கு ஒரு அறை. நான்காவது அறை தோண்டும்போது அடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"யாருடி அது, என் கூரையை இடிக்கிறது?"

பூவாத்தாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பின்னால் விழுந்தது. அடியில் மிச்சமிருந்த சேற்றுக்குள்ளிருந்து ஒரு நண்டு எட்டிப் பார்த்தது!

"நீ இங்க என்ன பண்றே?"

"நானா? மூணு வருஷமா தண்ணிக்குக் காத்துக்கிட்டுப் படுத்திருக்கேன். இது ஏரிடி! நீ என்ன பண்றே?"

"நான் அனுமதி வாங்கிட்டுத்தான் கட்டுறேன். இதோ பாரு முத்திரை!"

நண்டு முத்திரையைப் பார்த்தது. "எனக்கு எதுக்குக் காட்டுறே? தண்ணி வரும், அதுகிட்ட காட்டு" என்று சொல்லிவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டது.

"பொறாமை பிடிச்சவ!" என்றது பூவாத்தா.

ஆறு குட்டிகள் பிறந்தன. ஒன்றுக்கும் இன்னும் கண் திறக்கவில்லை. அன்றைக்கு மத்தியானம் வானம் கறுத்தது. பிறகு கொட்டியது பாருங்கள், மூன்று வருஷ மழையும் ஒரே நாளில்!

வாசல் வழியாகத் தண்ணீர் உள்ளே வந்தது. பூவாத்தாவுக்கு நம்பவே முடியவில்லை. விதை அறை நிரம்பியது. படுக்கும் அறையும் நிரம்பியது. பதறிப்போய் மண் வில்லையைத் தூக்கிக் காட்டி, "எங்கிட்ட அனுமதி இருக்கு! அனுமதி இருக்கு!" என்று கத்தியது.

அடுத்த நிமிஷம் பார்த்தால், கையில் வில்லை இல்லை. முத்திரை கரைந்து, விரலிடுக்கில் சேறாக வழிந்து போய்விட்டது!

ஒவ்வொரு குட்டியாக வாயில் கவ்வி, வளைக்கு மேலே கிடந்த மண்குவியல்மேல் கொண்டுபோய்ப் போட்டது. ஐந்து குட்டி ஆயிற்று. சுற்றிலும் தண்ணீர். ஆறாவது குட்டியைக் காணவில்லை.

"யாராவது வாங்களேன்!"

அந்த நேரம் ஆமை பனைமேட்டில் நின்றுகொண்டிருந்தது. முடிந்த வீட்டைப் பார்க்க எட்டு நாள் நடந்து வந்திருந்தது. மேட்டில் வீடும் இல்லை, வாசலும் இல்லை. "இதென்ன அநியாயம்! அப்போ என் முத்திரை எங்கே இருக்கு?" என்று அது திகைத்து நின்றபோதுதான் ஏரிக்குள்ளிருந்து அழுகுரல் கேட்டது.

ஆமை தண்ணீரில் குதித்தது. நிலத்தில்தான் அது மெதுவாகப் போகும். நீரில் அம்பு மாதிரி போயிற்று.

"ஏறு, ஏறு, முதுகுல ஏறு!"

"அய்யா, ஒண்ணு உள்ளே இருக்குங்கய்யா!"

தண்ணீர் குமிழி விட்டது. நண்டு மேலே வந்தது. அதன் கொடுக்கில் வால் சிக்கித் தொங்கியபடி ஆறாவது குட்டி! இருமியது, பிறகு கீச்சென்று கத்தியது.

"என் வீட்டுக்குள்ள விழுந்துச்சு. எடுத்துக்கோ" என்றது நண்டு. "எனக்குத் தண்ணி வந்துடுச்சு. எனக்கு வேலை இருக்கு."

மேட்டில் இறங்கியதும் பூவாத்தா தலை குனிந்தது. "நான் பொய் சொன்னேங்கய்யா."

"நேர்ல பார்க்காம நான் காலைப் பதிச்சேனே, அது மட்டும் சரியா?" என்றது ஆமை. "சரி, இந்த மண்ணைத்தானே எங்கிட்ட காட்டினே? இங்கே தோண்டு."

"முத்திரைங்கய்யா?"

"புதுசா மனு குடு. நான் இடத்தை நேர்ல வந்து பார்க்கணும்."

"அய்யா, நீங்க அந்த இடத்துலதானே நிக்கிறீங்க!"

ஆமை குனிந்து பார்த்தது. சிரித்துவிட்டது. ஈரமண்ணில் காலை அழுத்தியது.

பனைமரத்தில் நனைந்துபோன ஓணான் உட்கார்ந்து, "நான் அப்பவே சொன்னேன்ல அக்கா?" என்று தலையை ஆட்டியது. இந்தத் தடவை பூவாத்தா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

பொய் சொல்லி அதிகாரியிடம் அனுமதி வாங்கிவிடலாம். வரப்போகும் தண்ணீரிடம் வாங்க முடியாது.