துபாய் கேமராவில் குங்குமம்

துபாய் மச்சினன் போன மாதம் ஒரு கேமரா கொண்டுவந்து கொடுத்ததிலிருந்து, தென்காசி புகைப்படச் சங்கத் தலைவர் தாமோதரனுக்குத் தலைகால் புரியவில்லை. உள்ளூர்க் கடையில் வாங்குகிறவன் எல்லாம் ஏமாளி என்று பார்த்தவரிடமெல்லாம் சொன்னார்.

சங்கத்துக்குப் பத்து கேமரா தேவைப்பட்டது. உறுப்பினர்கள் நச்சரித்ததால் அவர்களோடு பேருக்கு ஒரு தடவை கடைக்கு வந்தார். அங்கே விற்பனையைக் கவனித்தவள் இசக்கியம்மாள். இந்த ஆர்டர் கைநழுவிப் போனால் முதலில் வேலையை விட்டு வீட்டுக்கு அனுப்பப்படுகிறவளும் அவள்தான்.

தாமோதரன் தன் கேமராவைக் கண்ணாடி மேஜைமேல் வைத்தார். "இது ஃபாரின் சரக்கு. இதுக்குச் சமமா உங்க கடை ஒண்ணே ஒண்ணு வித்திருந்தா காட்டும்மா. பத்தையும் இங்கேயே வாங்கிக்கிறேன்."

இசக்கியம்மாள் கேமராவைக் கவிழ்த்தாள். ஸ்டாண்டில் மாட்டும் துளையின் ஓரத்தைப் பஞ்சால் வழித்து எல்லோருக்கும் காட்டினாள். குங்குமம்.

"ஆயுத பூஜைக்கு ஷோகேஸ் கேமராவுக்கு நான் வச்ச பொட்டு சார் இது. உங்க மச்சினர் ஏர்போர்ட்ல இருந்து பெட்டியோட நேரா இங்கதான் வந்தார். துபாய்ல வாங்க மறந்துட்டாராம். ஷோகேஸ் பீஸுக்குத் தள்ளுபடி உண்டான்னு கேட்டு வாங்கிட்டுப் போனார். எங்க பில்லுல இந்த கேமரா நம்பரேதான் இருக்கு, பாருங்க."

உறுப்பினர் ஒருவர் பில்லைச் சத்தமாக வாசித்தார். தாமோதரன் கேமராவைப் பைக்குள் திணித்தார்.

"ஆனா இதே தரத்துல பத்து தர முடியாது சார்," என்றாள் இசக்கியம்மாள். "ஷோகேஸ்ல கிடந்தது இது ஒண்ணுதான். மத்ததெல்லாம் புதுசு."